மைனஸ் 6.7க்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தை செங்கில் ஒரு டேட்டா சென்டர், ஜூரோங்கில் இன்னொன்று, நடுவே 24 கிலோமீட்டர் ஃபைபர், அதன் மேல் ஒரு 10ஜி இணைப்பு. அதில் சிஆர்சி பிழை (தரவு வழியில் கெட்டுப்போய் வந்து சேர்வது) வருகிறது என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார். மணிக்கு நாற்பது, ஐம்பது. இணைப்பு அறுந்துபோகவில்லை, இரவு பேக்கப் மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

10ஜி ஈதர்நெட்டுக்கு விதி, லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை. கேட்க ரொம்பக் கறாராகத் தெரியும். ஆனால் நொடிக்கு ஆயிரம் கோடிக்கு மேல் பிட் ஓடும்போது அது 97 நொடிக்கு ஒன்று, அதாவது மணிக்கு 37. "விதிக்குக் கொஞ்சம்தானே மேலே" என்று சொல்லித் தப்பிக்கத்தான் முதலில் பார்த்தோம். வாடிக்கையாளர் விடவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆரோக்கியமான இணைப்பில் அந்த எண் நாள்கணக்கில் பூஜ்யத்தை விட்டு நகராது.

ஸ்விட்சில் பார்த்தேன். வந்து சேரும் ஒளி மைனஸ் 6.7 டிபிஎம், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. டிபிஎம் என்பது ஒளியின் பலத்துக்கான அலகு, மைனஸுக்குப் பின் எண் கூடக்கூட ஒளி மங்கல். ஸ்விட்சில் செருகி ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலோ 80 கிலோமீட்டர் ஓடக்கூடிய இசட்ஆர் வகை. மைனஸ் 24 வரை மங்கினாலும் படித்துவிடும். 6.7 என்றால் ஒளி தாராளம், கூட்டல் குறி வேறு போட்டிருக்கிறது, சிறப்பு என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

பராமரிப்புக்கு இரவு ஒன்று முதல் ஐந்து வரை நேரம் கிடைத்தது. முதல் வேலை எல்லோரும் செய்வதுதான், கனெக்டரைத் துடைப்பது. ஃபைபரின் நடுவில் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அங்கே ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். ஸ்கோப் வைத்துப் பார்த்தால் கண்ணாடிபோல் சுத்தம். சரி, டிஸ்பர்ஷனாக, அதாவது ஒளித்துடிப்பு வழியில் பரவிப்போவதாக, இருக்குமோ என்று கல்லூரிப் படிப்பு மூளையில் குடைந்தது. 1550 நானோமீட்டரில் சாதாரண ஃபைபர் ஒரு கிலோமீட்டருக்கு, அலைநீள விரிவில் ஒரு நானோமீட்டருக்கு, சுமார் 17 பிக்கோசெகண்ட் துடிப்பைப் பரப்பும். 24 கிலோமீட்டருக்கு 408. இந்த மாட்யூல் 1600 வரை தாங்கும். அதுவும் இல்லை.

அப்புறம் ஓடிடிஆர், ஃபைபருக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி எங்கே எவ்வளவு ஒளி இழப்பு என்று கோடாக வரைந்து காட்டும் கருவி. ஜூரோங் பக்கம் ஃபைபரைக் கழற்றச் சொல்லிவிட்டு, முன்னால் ஒரு லாஞ்ச் கேபிள் போட்டேன். அது இல்லாவிட்டால் முதல் சில மீட்டரில் நடப்பது கருவிக்குத் தெரியாது. 1310 நானோமீட்டரில் கோடு சீராக இறங்கியது. 1550இல் எடுத்தால் ஆரம்பத்திலேயே ஒன்றரை டிபி படி விழுந்திருந்தது. இரண்டிலும் ஒரே அளவு இழப்பு என்றால் பெரும்பாலும் கனெக்டரோ, ஃபைபரை ஒட்டிய ஸ்ப்ளைஸோ. நீண்ட அலைநீளத்தில் மட்டும் கூடினால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது. போய்ப் பார்த்தால் எங்கள் ரேக்கிலேயே மஞ்சள் பேட்ச் கார்டு (குட்டி இணைப்புக் கேபிள்) கதவின் கீலில் சிக்கி, வெற்றிலைக் காம்பு மாதிரி வளைந்து கிடந்தது. மாற்றினேன். படி மறைந்தது. வேலை முடிந்தது, ஐந்து மணிக்குக் கோப்பிக் கடை திறந்ததும் போய்விடலாம் என்று இருந்தேன்.

இணைப்பை ஏற்றினால் பிழை கொட்டுகிறது. மணிக்கு நாற்பது போய், நொடிக்கு நூற்றுக்கணக்கில். ஒளி மைனஸ் 5.2. பக்கத்தில் இப்போது இரண்டு கூட்டல் குறி.

மணி இரண்டரை. வேலையில் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அவரை எழுப்பினேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், முப்பது வருடமாகக் கேபிளோடு கிடப்பவர். எண்ணைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"லைட் கூடிப்போச்சு தம்பி. உச்சி வெயில்ல நின்னு போன் ஸ்க்ரீன் படிச்சுப் பாரு, தெரியும். ஸ்விட்ச் காட்டுற அந்தப் பட்டியலுக்கு மேலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

படித்திருக்கவில்லை. ஒரு கூட்டல் என்றால் அளவு மிஞ்சுகிறது என்ற எச்சரிக்கை, இரண்டு என்றால் அபாயம். இசட்ஆர் மாட்யூலுக்கு மைனஸ் 7தான் மேல் எல்லை. அதன் உணரி மங்கலான ஒளிக்காகவே செய்தது, விழுவதை உள்ளுக்குள் பெருக்கிக் காட்டும். ஒளி மிஞ்சினால் பின்னால் இருக்கும் பெருக்கி முட்டி நின்று, துடிப்பின் வடிவம் கெட்டு, எது 1 எது 0 என்று பிரிக்கும் கோடு இடம் தப்பிவிடும். இத்தனை நாளும் அந்த மடங்கிய கார்டுதான் ஒன்றரை டிபியைத் தின்று இணைப்பைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் நான் சரிசெய்து வைத்தேன்.

இந்த மாட்யூலை ஏன் போட்டார்கள்? ஸ்டோரில் இருந்தது. 80 போகும் என்றால் 24க்கு வசதிதானே என்று யாரோ நினைத்திருப்பார்கள். இந்தத் தீவே கிழக்கிலிருந்து மேற்காக 50 கிலோமீட்டர்தான்.

அண்ணன் டாக்சி பிடித்து, வழியில் உபி வட்டாரத்து அலுவலகத்தில், ஒளியைக் குறைக்கும் 5, 10 டிபி அட்டெனுவேட்டர்களை அள்ளிக்கொண்டு வந்தார். விரல் நுனி அளவு உலோகத் துண்டு, ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் சாக்கெட். அவர் பெட்டியைத் திறப்பதற்குள், மாட்யூல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் அதன் அனுப்பும் துளையையும் வாங்கும் துளையையும் நேராக இணைக்கப் போனேன். பட்டென்று கையில் ஒரு தட்டு. "எரிஞ்சிடும்!" அனுப்புவது பிளஸ் 2 டிபிஎம், நடுவில் எதுவும் இல்லாமல் உள்ளே போனால் உணரி அதோடு சரி.

பிட் பிழை சோதனைக் கருவியை வைத்து, ஜூரோங்கில் இன்னொன்றைத் திருப்பி அனுப்பும் நிலையில் போட்டோம். அட்டெனுவேட்டர் இல்லாமல் நொடிக்குச் சுமார் ஆயிரம் பிழை, அதாவது கோடியில் ஒன்று. 5 டிபி செருகியதும் பூஜ்யம். நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அண்ணன் 10ஐ எடுத்தார். மைனஸ் 15.2, மைனஸ் 7க்கும் மைனஸ் 24க்கும் ஏறக்குறைய நட்டநடு. நாளைக்கு ஸ்ப்ளைஸ் ஒன்று கெட்டாலும் இடம் இருக்கும், லேசர் கொஞ்சம் ஏறினாலும் இடம் இருக்கும். ஜூரோங்கிலும் ஒன்று.

பிழை வரவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. விதியில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு, மூன்று லட்சம் கோடி பிட், ஒரு பிழையும் இல்லாமல் போனால் 95 சதவீத நம்பிக்கையோடு தேறியது எனலாம். 10ஜியில் அது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒரு கதவுகூடத் திறந்து மூடாது. மறுநாள் இரவு அனுமதி வாங்கி நான்கு மணி நேரம் முழுக்க ஓட்டினோம். ரேக் கதவை நானே பத்து முறை அடித்து மூடினேன். பூஜ்யம்.

அறிக்கை அனுப்பிய மூன்றாம் நாள் வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. வேலைக்கு முன் மைனஸ் 6.7, வேலைக்குப் பின் மைனஸ் 15.2, ஒளி இவ்வளவு குறைந்திருக்கிறதே, எப்போது சரிசெய்வீர்கள்? பதில் எழுதுவதற்கு முன், கூட்டல் குறியோடு இருந்த அந்தப் பழைய ஸ்க்ரீன்ஷாட்டைத் தேடி எடுத்தேன்.