டிக்கியை மூடுறதுக்கு முன்னாடி

ராத்திரி பத்தரை மணி, தூறல் வேற, ரோட்டோரத்துல நின்னுகிட்டு டிக்கியில இருந்த பதினோரு உருப்படியையும் ஒண்ணொண்ணா இறக்கி ஈரத்துல வச்சிட்டு இருந்தேன். ஏன்னா பின்னாடி டயர் பஞ்சர், ஸ்டெப்னி இருக்கிறது டிக்கிக்கு அடியில, அதுக்கு மேல ஒரு பலகை, பலகைக்கு மேல எங்க குடும்பத்தோட மொத்த சொத்து. மச்சான் போன் வெளிச்சத்தைப் பிடிச்சிட்டு நிக்கிறான், அம்மா உள்ள இருந்து "டேய், அந்த நீலப் பையை மட்டும் கீழ வைக்காதடா"ன்னு கத்துறாங்க. எல்லாத்தையும் இறக்கி, பலகையைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளிய எடுத்து உருட்டுனா அது உருளவே மாட்டேங்குது. அமுக்கிப் பார்த்தேன், பஞ்சர் ஆன டயருக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல.

பின்னாடி வந்த ஒரு வேன்காரர்கிட்ட சின்னக் காத்து மெஷின் இருந்ததால அன்னைக்குத் தப்பிச்சோம். அவர் எதுவும் திட்டல, ஆனா மீட்டரைப் பார்த்துட்டு "எப்பங்க கடைசியா இதுக்குக் காத்து அடிச்சீங்க"ன்னு கேட்டாரு, என்கிட்ட பதில் இல்ல. கார் வாங்கின நாள்ல இருந்து அந்த ஸ்டெப்னியை நான் கண்ணால பார்த்ததே அன்னைக்குத்தான்.

இத்தனைக்கும் கிளம்பறதுக்கு முதல் நாள் நான் "செக்" பண்ணேன். போனட்டைத் திறந்து ஆயில் பார்த்தேன், கூலண்ட் பார்த்தேன், வைப்பர் தண்ணி ஊத்தினேன், நாலு டயருக்கும் காத்து அடிச்சேன். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நான் செக் பண்ணது டெய்லி ஆபீஸ் போற காலி வண்டியை, மறுநாள் ஓட்டுனது அஞ்சு பேரும் மூட்டையும் ஏறுன வேற ஒரு வண்டியை. பிரேக் பிடிக்கிற தூரம், டயருக்கு வேணுங்கிற காத்து, ஹெட்லைட் அடிக்கிற கோணம், வளைவுல சாயற விதம், எல்லாமே மாறிப்போகுது. எனக்கு இது உறைக்கவே அந்த தூறல் தேவைப்பட்டுச்சு.

முதல்ல காத்து கதை. டிரைவர் கதவைத் திறந்தா கதவு வந்து மூடுற அந்த தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும் (சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம்). அதுல பெரும்பாலும் ரெண்டு கணக்கு போட்டிருப்பாங்க, ரெண்டு மூணு ஆள் படம் போட்டு ஒண்ணு, அஞ்சு ஆளும் பெட்டியும் படம் போட்டு இன்னொண்ணு. என் வண்டில சும்மா போறதுக்கு நாலுக்கும் 32 பிஎஸ்ஐ, ஃபுல் லோடுன்னா பின்னாடி ரெண்டுக்கும் 38. ஆறு வருஷமா அந்த ரெண்டாவது வரியை நான் படிச்சதே இல்ல. ஃபுல் லோடுல காத்து கம்மியா ஓடுனா டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துலயும் மடங்கி மடங்கி சூடேறும், அந்த சூடுதான் வேகத்துல போறப்ப டயரை வெடிக்க வைக்குது. நிறைய பேர் காத்து கூடினாதான் வெடிக்கும்னு நினைச்சு வெயில் நாள்ல கம்மியா அடிச்சுட்டுப் போறாங்க, அது தலைகீழ். அதே மாதிரி டயர் மேலயே அச்சடிச்சிருக்கிற பிரஷர் அந்த டயர் தாங்குற உச்சபட்ச அளவு, நம்ம வண்டிக்கு அடிக்க வேண்டிய அளவு இல்ல. பார்க்கிறதும் காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கும்போதே பார்க்கணும், கொஞ்ச தூரம் ஓட்டிட்டுப் போய்ப் பார்த்தா சூட்டுல ரெண்டு மூணு பாயிண்ட் கூடவே காட்டும், அதை நிஜம்னு நம்பி இறக்கிட்டா முடிஞ்சுது கதை.

என் ஸ்டெப்னி ஒல்லி டயர். மேல 60 பிஎஸ்ஐ அடிக்கணும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டாதேன்னு மஞ்சள்ல எழுதியே இருக்கு. மத்த நாலுக்கும் போட்ட 32ஐயே இதுக்கும் போட்டா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும், காத்து அடிக்கிறவர் கேக்க மாட்டார், நாமதான் சொல்லணும். இன்னொண்ணு, டயர் பக்கச் சுவர்ல டிஓடின்னு (DOT) ஆரம்பிக்கிற ஒரு வரிசை முடியற இடத்துல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஸ்டெப்னி தரையையே தொட்டிருக்காது, பட்டன் (டயர்ல தரையில படுற அந்த மேடு பள்ளம்) புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், ஆனா ரப்பருக்கு வயசாகிட்டேதான் இருக்கும். பட்டன் ஆழத்துல 1.6 மில்லிமீட்டர்ங்கிறது நிறைய நாட்டுல சட்டப்படி கடைசி எல்லை, பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன மேடு ஒண்ணு இருக்கும், தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா டயர் மாத்தியே ஆகணும். மழையில போறவங்க அது வரைக்கும் காத்திருக்காம இருக்கிறது புத்திசாலித்தனம்.

சரி, எடைக்கு வருவோம், எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதுதான், வீட்டுல இருக்கிறவங்களுக்கு சுத்தமா புடிக்காத பகுதியும் இதுதான். ஒவ்வொரு காருக்கும் ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து மொத்தமா இவ்வளவு எடைதான் இருக்கலாம்னு ஒரு அளவு மேனுவல்ல இருக்கும். அதுல இருந்து காலி வண்டி எடையைக் கழிச்சா எவ்வளவு ஏத்தலாம்னு வரும். என் வண்டிக்கு 430 கிலோ. கேக்க பெருசா இருக்கில்ல? நான் 78, மனைவி 64 (இதை எழுத அனுமதி வாங்கியாச்சு), அம்மா 60, மச்சான் 82, பையன் 24, அவனோட குழந்தை சீட் 8. கூட்டினா 316. மிச்சம் 114 கிலோதான். பாத்ரூம்ல கிடந்த எடை மெஷினை ஹாலுக்கு எடுத்துட்டு வந்து ஒவ்வொரு பையா தூக்கிகிட்டு ஏறி நின்னு என் எடையைக் கழிச்சு கழிச்சு எழுதினேன், 127 வந்துச்சு. பதிமூணு கிலோ ஜாஸ்தி. மச்சானோட பை மட்டும் 21 கிலோ, திறந்து பார்த்தா உள்ள மூணு ஜோடி ஷூவும் ஒரு ஜோடி டம்பெல்லும். டூருக்கு டம்பெல் எதுக்குடான்னு கேட்டா "விட்டுட்டா கை இறங்கிடும் மாமா"ங்கிறான். டம்பெல் வீட்டுலயே இருந்துச்சு.

எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் அடுத்தது. கனமானது எல்லாம் கீழ, அதுவும் பின்சீட்டு முதுகை ஒட்டி. டிக்கி கதவுப் பக்கம் கனத்தை வச்சா பின் அச்சுக்கும் பின்னாடி பாரம் தொங்குது, சீசா பலகையில ஒருத்தர் கடைசியில போய் உட்கார்ந்தா எதிர்பக்கம் எழும்புமே அது மாதிரி முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் ஏதோ வெண்ணெய்ல சுத்துற மாதிரி இருக்கும். ஓட்டுறவன் சுகமா இருக்குன்னு நினைப்பான், உண்மையில முன்டயருக்குப் பிடிமானம் போயிட்டு இருக்கு. சீட்டு மடக்குற வண்டின்னா மறுபடி நிமித்தும்போது கொக்கி 'டக்'குன்னு விழுந்துச்சான்னு ஆட்டிப் பாருங்க, நிறைய வண்டில கொக்கி மாட்டலைன்னா சீட்டை மடக்குற பட்டனுக்குப் பக்கத்துல சிவப்பா ஒரு கோடு தெரியும். மாட்டாத சீட்டு முதுகுக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்குன்னா அது முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க முதுகுலதான் இருக்குன்னு அர்த்தம்.

சீட்டு உயரத்துக்கு மேல எதையும் அடுக்காதீங்கன்னு சொன்னா "சும்மா ஒரு பைதானே"ம்பாங்க. நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி அரை மீட்டருக்குள்ள நின்னா, உள்ள இருக்கிற பொருளை நிறுத்தி வைக்க அதோட எடையைப் போல கிட்டத்தட்ட 20 மடங்கு விசை வேணும். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலுக்கு 20 கிலோ, 20 கிலோ பெட்டிக்கு 400 கிலோ. இன்னொரு மாதிரி சொன்னா 50 கிலோமீட்டர் வேகம்ங்கிறது பத்து மீட்டர் உயரத்துல இருந்து கீழ விழுற வேகம், மூணு மாடி. பின்சீட்டு முதுகுக்கு மேல இருக்கிற அந்தப் பலகைத் தட்டுல குடை, டிஷ்யூ டப்பா, பையனோட இரும்பு பொம்மை லாரின்னு நாங்க வைக்காத ஐட்டம் இல்ல. கணக்குப் போட்ட அன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டேன், மனைவி டிஷ்யூ டப்பாவுக்கு மட்டும் விலக்கு வாங்கிட்டாங்க. பின்சீட்டுல பெல்ட் போடாம உட்கார்ற பெரியவங்களுக்கும் இதே 20 மடங்கு கணக்குதான். அம்மாகிட்ட அதைச் சொன்னப்ப ஒண்ணும் சொல்லல, ஆனா பெல்ட்டை இழுத்தாங்க.

பாட்டில்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவை இறக்கத்துல சிக்னல் பார்த்து பிரேக் மிதிக்கிறேன், மிதி பாதிதான் போகுது, காலுக்கு கீழ ஏதோ மெத்துன்னு நசுங்குது. சீட்டுக்கு அடியில இருந்து உருண்டு வந்த அரை லிட்டர் பாட்டில், பாதி தண்ணியோட, பிரேக்குக்கு அடியில போய் உட்கார்ந்திருக்கு. பலமா மிதிச்சதுல பிளாஸ்டிக் மடங்கி, மூடி தெறிச்சு, ஷூ எல்லாம் தண்ணி, வண்டி எப்படியோ கோட்டைத் தாண்டி நின்னுச்சு. கண்ணாடி பாட்டிலா இருந்திருந்தான்னு இன்னைக்கும் சில நேரம் யோசிப்பேன். அதுல இருந்து டிரைவர் சீட்டுக்கு அடியில கை விட்டுத் துழாவாம நான் வண்டி எடுக்கிறதே இல்ல, இதுவரைக்கும் ஒரு பேனா, ரெண்டு பந்து, ஒரு ஒத்தை செருப்பு கிடைச்சிருக்கு. மேட்டையும் பாருங்க. கீழ கொக்கியில மாட்டாத மேட், இல்ல பழசு மேலயே போட்ட புது மேட், நகர்ந்து போய் ஆக்ஸிலரேட்டரைப் பிடிச்சுக்கும். இது சின்ன விஷயம் இல்ல, 2009ல அமெரிக்காவுல டொயோட்டா கிட்டத்தட்ட 38 லட்சம் வண்டியைத் திரும்ப அழைச்சதே இந்த மேட் பிரச்சனைக்காகத்தான்.

ஹெட்லைட் விஷயம் எனக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்சுது. ஃபுல் லோடுல ராத்திரி போகும்போது எதிர்ல வர்ற ஒவ்வொருத்தனும் எனக்கு டிப் அடிச்சுக் காட்டுறான், நான் லோ பீம்லதானே போறேன் இவனுங்களுக்கு என்னன்னு கடுப்பாயிடுச்சு. பின்னாடி பாரம் ஏறினா வண்டி மூக்கைத் தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும், எதிர்ல வர்றவன் கண்ணுல நேரா அடிக்கும். அதுக்குன்னே ஸ்டீயரிங் பக்கத்துல 0, 1, 2, 3னு ஒரு சின்ன உருளை இருக்கு, வண்டில பாரம் ஏற ஏற நம்பரைக் கூட்டணும், வெளிச்சம் கீழ இறங்கும். ஆறு வருஷம் அது எதுக்குன்னு தெரியாமலே இருந்தேன், பையன் அதை ரேடியோவுக்குன்னு நினைச்சு திருகிட்டு இருந்தான். சில வண்டில இது தானாவே நடக்கும், அந்த உருளையே இருக்காது. பிரேக் லைட் பார்க்க ஆள் இல்லைன்னா ராத்திரி ஒரு சுவருக்கு முன்னாடி பின்பக்கமா நிறுத்தி மிதிச்சு, கண்ணாடில சிவப்பு தெரியுதான்னு பார்த்தா போதும்.

போனட்டுக்குள்ள பார்க்கறது எல்லாருக்கும் தெரியும், இழுக்கல. ஆயிலை சமதரையில, இஞ்சின் நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்க்கணும், கூலண்ட் மூடியை சூட்டுல திறக்கவே கூடாது. பிரேக் ஆயில் கம்மியா இருந்தா சும்மா ஊத்திட்டுக் கிளம்பிடாதீங்க, பிரேக் பேட் தேஞ்சிருக்கணும் இல்ல எங்கயோ கசியணும், மெக்கானிக்கிட்ட காட்டிட்டுத்தான் போகணும்.

கூரை மேல கட்டுறதை நான் கூடுமானவரைக்கும் தவிர்ப்பேன். என் வண்டிக்கு கேரியரோட எடையும் சேர்த்து 50 கிலோதான், அந்தக் கம்பியே அஞ்சு கிலோவுக்கு மேல இருக்கு. கட்டியே ஆகணும்னா லேசான, பெரிய சாமானைக் கட்டிட்டு முதல் இருபது முப்பது கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்தி பெல்ட்டை இழுத்துப் பாருங்க, எப்பவும் தளர்ந்துதான் இருக்கும்.

இப்ப என் டிக்கி அடுக்குற முறையே தலைகீழ் ஆகிடுச்சு. ஜாக்கி, வீல் ஸ்பேனர், முக்கோண ரிஃப்ளெக்டர், டார்ச், சின்னக் காத்து மெஷின், இதெல்லாம் ஒரு துணிப்பையில கட்டி கடைசியா டிக்கி கதவை ஒட்டி வைக்கிறேன். ஸ்டெப்னியை மேல கொண்டு வர முடியாது, அதனால முதல் நாளே எடுத்து காத்து பார்த்துட்டு உள்ள வைக்கிறேன். முதலுதவிப் பெட்டி டிக்கிலயே இல்ல, முன்சீட்டுக்கு அடியில பட்டை போட்டுக் கட்டியிருக்கேன், டிக்கி நசுங்கினா திறக்குமாங்கிற சந்தேகம் எனக்கு.

எல்லாம் ஏத்தி, எல்லாரும் பெல்ட் போட்டதுக்கு அப்புறம் கடைசியா ஒரு சடங்கு இருக்கு. தெருவுல ஆள் வண்டி யாரும் இல்லாத இடமா பார்த்து, 30ல போய் "பிடிங்க"ன்னு சொல்லிட்டு ஒரு தடவை நல்லா பிரேக் அடிப்பேன். எதாவது உருண்டா, முட்டினா, குலுங்கினா அப்பவே இறங்கி சரி பண்ணிடலாம், அதோட லோடுல பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு என் காலுக்கும் தெரிஞ்சுடும். போன தடவை பிரேக் அடிச்சதும் பின்னாடி எங்கயோ 'டொக்'குன்னு ஒரு சத்தம். மறுபடி அடிச்சேன், மறுபடி 'டொக்'. ஓரம் கட்டி டிக்கியைத் திறந்து பாதி சாமானை இறக்கிப் பார்த்தோம், எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. கால் மணி நேரம் தேடினதுக்கு அப்புறம் மச்சான் மெதுவா தன்னோட காலுக்கு கீழ இருந்த பையை எடுத்துக் காட்டினான். உள்ள ஒரே ஒரு டம்பெல். "ஒரு கைக்காவது மாமா"ங்கிறான்.