ஊர்க்கூட்டத்தில் முடிந்த உறவும் தீர்ப்பு நகலும்

சேர்வராயன் மலையில் எங்கள் ஊரில் என் தங்கையின் மணமுறிவு ஒரே இரவில் முடிந்தது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில் கற்பூரம் ஏற்றி, பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இரு வீட்டாரும் முச்சலிக்கை எனும் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்துப் பிரிந்தார்கள். அதே முறிவை அரசு ஏற்றுக்கொள்ள 14 மாதங்கள் ஆயின. அந்த அலைச்சல் இன்னும் மனத்தில் ஆறாததால், இதே நிலையில் உள்ள, எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

கணவர் வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து தங்கையின் பெயரை நீக்கித் தனி அட்டை வாங்கப் போனபோது, எழுத்தர் முச்சலிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பஞ்சாயத்துல எழுதுனது செல்லாதுங்க, கோர்ட்டுத் தீர்ப்பு கொண்டு வாங்க" என்றார். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே பதில்.

சேலத்தில் முதலில் பார்த்த வழக்கறிஞர், சம்மத விவாகரத்து மனுவாகத் தயாரித்ததில் இரண்டு மாதங்கள் வீணாயின. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2(2) பிரிவே சொல்கிறது. எனவே அந்தச் சட்டத்தின்கீழ் விவாகரத்து கேட்காதீர்கள்; வழக்கப்படி உறவு முன்பே முறிந்துவிட்டது என்று குடும்பநல நீதிமன்றத்தில் விளம்புகை, அதாவது அதை உறுதிசெய்து அறிவிக்கும் தீர்ப்பு, கோருங்கள். இதை எங்களுக்குச் சொன்னவர் இரண்டாவது வழக்கறிஞர்.

அடுத்த இடறல் சாதிச் சான்றிதழ். இருவருமே பழங்குடியினர் என்று காட்ட வேண்டும். தங்கையினது சரியாக இருந்தது. அவள் முன்னாள் கணவருடையதில் வட்டாட்சியர் கையொப்பம் இருந்தது. 1989 நவம்பர் 11-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கே உரியது என்பதால், முன்னாள் கணவர் புதிதாக விண்ணப்பித்து வாங்கித் தந்தார். மனக்கசப்பை ஒதுக்கி வைத்து அவர் செய்த இந்த உதவியை மறக்க மாட்டேன். பர்கூர் மலையில் வாழும் எங்கள் உறவுகளுக்கோ, ஈரோடு மாவட்ட மலையாளிகள் பழங்குடியினர் பட்டியலிலேயே சேராததால், இந்த வழி திறக்கவில்லை என்பது தனி வேதனை.

முச்சலிக்கையில் தேதி இல்லை என்பதும் விசாரணை நாளன்றுதான் தெரிந்தது. வாய்தா போட்டார்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வெறுங்கையோடு ஏறித் திரும்பினோம். தேதி, திருப்பிய தொகை, இரு தரப்புப் பெரியவர்களின் பெயர்கள் ஆகிய மூன்றையும் கூட்டம் கலைவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

சாட்சிக் கூண்டில் ஊர்க்கவுண்டர் ஏறியபோது எனக்குக் கை நடுங்கியது. கதை எதுவும் வேண்டாம் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். ஆனால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீதிபதியே கேட்டதும், பெரியவர் எங்கள் முன்னோர் கதையைக் காஞ்சியிலிருந்து தொடங்கிவிட்டார். அண்ணன் தம்பி மூவர் வேட்டைக்குப் போனதையும், இறந்துவிட்டார்கள் என்று மனைவியர் நம்பிவிட்டதால் மூவரும் வேறு பெண்களை மணந்து, பெரியண்ணன் சேர்வராயனிலும் நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறியதையும் நிதானமாகச் சொன்னார். அறுந்த உறவுக்குப் பின் மறு உறவு உண்டு என்பது அன்றே வந்த முறை என்றார். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். இருந்தாலும் வழக்கை நிலைநிறுத்தியது, அதன்பின் அவர் தம் காலத்தில் தீர்த்து வைத்த நான்கு பிரிவுகளை ஊர், பரிசம், காரணம் என ஒன்றுவிடாமல் அடுக்கியதுதான். வழக்கத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. ஆகவே முன்நிகழ்வுகளை நேரில் கண்ட மூத்தவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் இரண்டு வாங்கினோம். அதே எழுத்தர் இம்முறை முத்திரையைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். அவர் பிரித்துப் பார்க்காத முச்சலிக்கை, அந்தத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் முதல் சான்றாவணமாகக் குறிக்கப்பட்டிருந்தது.