ஞாயிற்றுக்கிழமை அமைதியும் 24 மணி நேர ரேஸும்

ஜெர்மனியில் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதை வந்த வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அதே கணக்குதான் என்பது கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும். அன்றைக்குச் சுவரில் துளை போட முடியாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. கடைகளும் திறக்காது. எங்கள் கட்டடத்தின் விதிமுறைத் தாளில் மதியம் 1 முதல் 3 வரையும் அமைதி நேரம் என்று தனியாக ஒரு வரி வேறு இருக்கிறது.

இந்த வீட்டில் இருந்துகொண்டுதான் வேறு ஊர்களில் இருக்கும் மூவரோடு சேர்ந்து ஒரு 24 மணி நேர ஆன்லைன் ரேஸுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். சனி மதியம் 2 மணிக்குத் தொடக்கம், ஞாயிறு மதியம் 2 மணிக்கு முடிவு. வீட்டு விதிமுறையில் உள்ள அத்தனை அமைதி நேரமும் இதற்குள் வந்துவிடுகிறது.

நான் இருப்பது கொலோன் நகரில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். இன்னொருவன் கல்லூரிக் காலத்திலிருந்து கூட இருப்பவன், இன்றும் கோவையை விட்டு நகராதவன். செட்டிபாளையம் கரி ட்ராக்குக்கு ரேஸ் பார்க்க என்னை முதலில் கூட்டிப் போனவனும் அவன்தான். மற்ற இருவர் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் அண்ணன் தம்பி, யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களை நேரில் பார்த்ததே இல்லை. ஐரேசிங் என்ற கணினி ரேஸ் விளையாட்டில் ஒரு இரவு பின்னாலிருந்து யாரோ இடிக்க, நானும் அவர்களில் ஒருவனும் சுவரில் போய் நின்றோம். அதில் தொடங்கிய பேச்சு இது.

திரையில் ரேஸ் நடக்கும் இடம் நூர்பர்க்ரிங், நிஜமாகவே இருக்கும் ரேஸ் ட்ராக். என் வீட்டிலிருந்து காரில் போனால் ஒன்றேகால் மணி நேரம். 1927இல் திறந்த வடக்கு வளையம் மட்டுமே 20.8 கிலோமீட்டர். 24 மணி நேரப் போட்டிக்கு அதோடு புதிய ட்ராக்கையும் சேர்ப்பதால் ஒரு சுற்று 25 கிலோமீட்டரைத் தாண்டும். கரி ட்ராக் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே ஒரு வளைவில் தப்பு செய்தால் அடுத்த நிமிடமே அதே வளைவு வந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். இங்கே எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் என்ன தப்பு செய்தோம் என்பதே மறந்துவிடும்.

அதனால் முழுச் சுற்றாக யாரும் பழகுவதில்லை, துண்டு துண்டாகத்தான் பழகுவார்கள். ஒரு மாலை முழுக்க ஹாட்ஸன்பாக் என்ற பகுதி மட்டும். இன்னொரு மாலை ஃபுக்ஸ்ரோரே பள்ளத்தில் இறங்கி மேடேறி ஆடெனவர் ஃபோர்ஸ்ட் வரைக்கும். அந்த மேட்டின் உச்சியில் ட்ராக் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, முன்பே தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கையோடு நேராகப் போய்ப் புல்லில் இறங்குகிறவர்களை அங்கே எந்நேரமும் பார்க்கலாம்.

வசந்த காலத்தில் ஒருநாள் அலுவலக நண்பர் ஒருவர் காரில் நேரிலேயே கூட்டிப் போனார். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் கட்டணம் கட்டிவிட்டு யாரும் சொந்தக் காரை ஓட்டலாம். சட்டப்படி அது அன்றைக்கு ஒருவழிச் சாலைதான், சாதாரணப் போக்குவரத்து விதிகள் எல்லாம் உண்டு. நாங்கள் ஓட்டவில்லை. ப்ரூன்சன் பக்கம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். திரையில் எத்தனை நூறு சுற்று ஓட்டினாலும் அந்த இறக்கம் எவ்வளவு செங்குத்து என்பது தெரிவதில்லை. மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் வித்தியாசம் என்று படித்திருந்தேன். அங்கே நின்று பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்கு ஒரு உருவம் கிடைத்தது. திரும்பும் வழியில் பெர்க்வெர்க் வளைவுக்கு முன்னால்தான் 1976இல் ஃபார்முலா ஒன் வீரர் நிக்கி லாடா எரிந்த காருக்குள் சிக்கினார் என்று நண்பர் சொன்னார். அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் அந்த வளையத்துக்குத் திரும்பவே இல்லை.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். உண்மையான வேலை அங்கேதான் இருந்தது.

கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டும் ஸ்டீயரிங்கால் பெரிய தொந்தரவு இல்லை. பிரச்சினை பிரேக். சாதாரண பெடல் எவ்வளவு தூரம் கீழே போகிறது என்பதை அளக்கும். லோட் செல் பெடல் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை அளக்கும். உடம்பு பலத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது, தூரத்தை அந்த அளவுக்கு வைத்துக்கொள்வதில்லை. அதனால் நீண்ட ரேஸுக்கு லோட் செல்தான் சரி. ஆனால் ஒவ்வொரு பெரிய வளைவுக்கும் உடம்பின் பாரத்தையே காலில் இறக்க வேண்டும். அந்த உதை பெடலிலிருந்து இரும்புச் சட்டத்துக்கும், அங்கிருந்து மரத்தரைக்கும், மரத்தரையிலிருந்து கீழ் வீட்டுக் கூரைக்கும் போகும். ஹெட்போன் போட்டிருக்கும் எனக்கு எதுவும் கேட்காது. கீழே இருப்பவருக்கு உரலில் இடிப்பது போல இருக்கும்.

கீழ் வீட்டில் இருப்பவர் எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர். மாடிப்படியில் பார்த்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான் பழக்கம். இங்கே வீட்டில் விருந்து வைத்தால்கூட முன்கூட்டியே மாடிப்படியில் ஒரு தாள் ஒட்டி அக்கம்பக்கத்தாரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். நானும் ஒரு தாள் எழுதினேன். அதை ஒட்டுவதற்கு முன்னால் அவரிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ரேஸ், நண்பர்கள், பிரேக் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் படுக்கையறைக்கு மேலேயா, வரவேற்பறைக்கு மேலேயா?" என்று ஒரே கேள்வி கேட்டார். படுக்கையறைக்கு மேலே. "அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம்" என்றார்.

நான் மேலே போய் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் கீழே கட்டில் பக்கத்தில் தொலைபேசியோடு நின்றார். மிதித்தேன். "கேட்கிறது." இன்னும் மெதுவாக மிதித்தேன். "கேட்கிறது." சலவை இயந்திரத்துக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டு மறுபடி. "குறைந்திருக்கிறது, ஆனால் கேட்கிறது." பிறகு சாவகாசமாக, "நீங்கள் செருப்பு போட்டுக்கொண்டா மிதிக்கிறீர்கள்?" என்றார். சாக்ஸோடுதான் என்றேன். அதில் அவருக்குத் திருப்தி.

டென்னிஸ் பந்து மேடை அதற்குப் பிறகு வந்தது. வீட்டில் டிரம்ஸ் வாசிப்பவர்களிடமிருந்து கணினியில் ரேஸ் ஓட்டும் சிம் ரேஸ்காரர்கள் எடுத்துக்கொண்ட வித்தை இது. இரண்டு தடித்த பிளைவுட் பலகைகள், நடுவில் டென்னிஸ் பந்துகள். பந்து நழுவாமல் அமர இரு பலகையிலும் பந்தைவிடச் சின்னதாக வட்ட ஓட்டைகள். பாரம் முழுக்கப் பந்துகளின் மேல் நிற்பதால் உதை தரைக்குப் போகும் முன்பே பாதி செத்துவிடும். கட்டுமானப் பொருள் கடையில் பலகையை அளவாக வெட்டித் தந்தார்கள். ஓட்டை போடும் கருவியை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கினேன். சனிக்கிழமை மதியம் 1 மணிக்குள் வேலையை முடித்துவிட்டேன், விதிமுறைத் தாள் நினைவிருக்கிறதல்லவா. அடுத்த சோதனையில் அவர் சொன்னது: "இப்போது மிதித்தீர்களா?"

அப்படியும் முழு இரவும் நான் ஓட்டப்போவதில்லை. மீதிக்கு நேர வித்தியாசம் உதவுகிறது. இங்கே கோடைக் கணக்கில் இரவு 10 என்றால் டொராண்டோவில் மாலை 4. இங்கே காலை 6 ஆகும்போது அங்கே நள்ளிரவு, கோவையில் காலை 9:30. ஆக, கொலோன் தூங்கும் எட்டு மணி நேரமும் அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஓட்டுவார்கள். "உங்கட ஊர் நித்திரை கொள்ளேக்க நாங்கள் ஓடுறம், அவ்வளவுதானே?" என்றான் தம்பி. அண்ணன், "ஓம், பிறகு விடிய நான் வேலைக்குப் போகோணும் எண்டு அழாதை" என்றான். ஞாயிறு காலை முழுக்கக் கோவைக்காரன் பொறுப்பு. இடையில் நான் இரண்டு ஸ்டிண்ட் எடுப்பேன், பந்து மேடையை நம்பி. தொடக்கமும் மதிய அமைதி நேரத்தில் வருவதால் அதுவும் கோவைக்காரனுக்கே போய்விட்டது. அவனுக்கு மாலை 5:30, கசக்குமா?

ஒரு ஸ்டிண்ட் என்பது டேங்க் காலியாகும் வரை, ஏறக்குறைய எட்டுச் சுற்று, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐரேசிங்கில் ஒரு விதி உண்டு. குழுவில் ஓட்டும் ஒவ்வொருவரும் தன் சம பங்கில் கால்வாசிச் சுற்றுகளாவது ஓட்டியிருக்க வேண்டும். கெட்டிக்காரன் ஒருவனை வைத்தே முழு ரேஸையும் ஓட்டிவிட முடியாது. என்னைக் கேட்டால் நல்ல விதி.

எல்லோரும் செட்டப்பில்தான் மணிக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இறக்கையை ஒரு புள்ளி ஏற்றலாமா, டயர் காற்றைக் குறைக்கலாமா என்று. என் கருத்தில் இந்த ட்ராக்கில் அதெல்லாம் இரண்டாம் பட்சம். நாங்கள் ஓட்டுவது ஜிடி3 கார், பந்தயத்துக்கென்று மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார். ட்ராக்கில் நம்மைவிட மெதுவான வகைக் கார்களும் கூடவே ஓடும். அவர்களை எந்த இடத்தில் முந்துவது, எந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போவது என்பதைத் தெரிந்துவைத்திருப்பவன்தான் காலையில் மிச்சமிருப்பான். பெர்க்வெர்க்கில் மோதிவிட்டால் காரைப் பழுது பார்க்கும் பிட்டுக்கு இழுத்துவரும் நேரமே பல நிமிடம். டோட்டிங்கர் ஹோஹே நேர்சாலை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அங்கே எத்தனை காரை வேண்டுமானாலும் முந்தலாம். இதைக் கோவைக்காரனுக்கு எத்தனை முறை சொன்னாலும், "மச்சான், அதுவரைக்கும் அவன் பின்னாடியே போகச் சொல்றியா?" என்பான். ஆமாடா, போ.

என் அம்மாவுக்கு இதெல்லாம் போனில் சொன்னேன். 2025 ஜனவரியில் துபாயில் அஜித் அணி 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த மாதிரிதான் என்றேன். "அவங்க நிஜக் கார்ல ஓட்டினாங்க, நீ நாற்காலியில உக்காந்து ஓட்டுறே. ஒழுங்கா சாப்பிட்டுட்டு ஓட்டு" என்றார்.

சாப்பாட்டுக் கணக்கும் போட்டாகிவிட்டது. ஞாயிறு கடை கிடையாது என்பதால் தயிர், பழம், தண்ணீர் எல்லாம் சனி காலைக்குள் வந்துவிட வேண்டும். ஆறினாலும் கெடாது என்பதால் புளிச்சோறு.

கோவையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டரும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து இழுத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை இந்த வாரம் பார்க்கிறான். நடுவில் இணைப்பு அறுந்தால் கார் பிட்டில்தான் திரும்பக் கிடைக்கும். மூடுபனியைப் பற்றி மட்டும் கவலை இல்லை. நிஜ ரேஸ் 2024இல் மூடுபனியால் 50 சுற்றோடு முடிந்துபோனது. ஐரேசிங்கில் மழை பெய்யும், ஆனால் அப்படி ரேஸை நிறுத்திப் படுக்கப் போகச் சொல்ல மாட்டார்கள்.

முடியாமல் கிடப்பது ஒரே ஒரு வழக்கு, கடைசி ஸ்டிண்ட் யாருக்கு என்பது. தொடக்கத்தை எடுத்தவனே முடிவையும் எடுப்பது நியாயமில்லை என்கிறான் தம்பி. அண்ணன் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பான். நான் எடுக்கலாமென்றால் கீழ் வீட்டு அம்மாவிடம் ஞாயிறு 12 மணியோடு என் பங்கு முடிந்துவிடும் என்று சொல்லியாயிற்று. நாளை மாலை போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.