மெம்ஃபிஸ்ல ஒரு சின்ன ரூம்

நாஷ்வில்ல இருந்து மூணு மணி நேர டிரைவ்தான். மெம்ஃபிஸ்னு சொன்னதுமே ஃப்ரெண்டு, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோட வீடு கிரேஸ்லேண்ட் தானேன்னான், இல்லடா, சன் ஸ்டூடியோங்கிற ரெக்கார்டிங் ஸ்டூடியோன்னேன், அங்க என்ன இருக்குன்னு கேட்டான். உள்ள போய் நின்னப்போ எனக்கே அந்த சந்தேகம் வந்துடுச்சு. 706 யூனியன் அவென்யூ, தெருமுனைல சின்ன செங்கல் கட்டடம், வாசலுக்கு மேல ஒரு பெரிய கிடார் தொங்குது, அவ்ளோதான். சாம் ஃபிலிப்ஸ் 1950ல இதைத் திறந்தப்போ கல்யாணம், சாவு எதுவா இருந்தாலும் போய் ரெக்கார்ட் பண்ணித் தர்ற கடைதான் இது.

மாடில கைடு பொண்ணு முதல்ல 'ராக்கெட் 88'ங்கிற பாட்டைப் போட்டாங்க. 1951, ஐக் டர்னரோட பேண்ட், மிசிசிப்பில இருந்து கார்ல வர்ற வழியில ஆம்ப், அதாவது கிடார் சத்தத்தைப் பெருக்குற பெட்டி, அடிபட்டு ஸ்பீக்கர் கோன் போயிடுச்சு. வேற ஆம்புக்கு எங்க போறது, பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு அப்படியே வாசிச்சிருக்காங்க. கிடார் கரகரன்னு வருது. முதல் ராக் அண்ட் ரோல் ரெக்கார்டு இதுதான்னு நிறைய பேர் சொல்வாங்க, அந்தச் சண்டை முடியாது விடுங்க. எங்கப்பாவும் வீட்டு ரேடியோ கோன் கிழிஞ்சப்போ தினத்தந்தியைக் கிழிச்சு பசை தடவி ஒட்டினாரு, சீர்காழி குரல்லயே கரகரப்பு வந்துச்சு, அதை ஆயுசுக்கும் திட்டிட்டே இருந்தாரு. இங்க அந்த கரகரப்பை ரசிச்சு வச்சுக்கிட்டாங்க.

கீழ ஸ்டூடியோ ரூம். தரைல எல்விஸ் நின்ன இடம்னு ஒரு குறி, எல்லாரும் அதுல ஏறி நின்னு மைக்கைப் பிடிச்சு போட்டோ. நான் மட்டும், எல்விஸுக்கு கிடார் வாசிச்ச ஸ்காட்டி மூர் எங்க நின்னாருன்னு கேட்டேன். எல்லாரும் எல்விஸ் ஆக ஆசைப்பட்டப்போ நான் ஸ்காட்டி ஆக ஆசைப்பட்டேன்னு ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸே சொல்லியிருக்காரே. 1954 ஜூலைல எல்விஸ் 19 வயசுப் பையன், ராத்திரி பூரா பாடியும் ஒண்ணும் தேறல, பிரேக்ல சும்மா கிறுக்குத்தனமா ஒரு பழைய ப்ளூஸ் பாட்டை எடுத்து குதிச்சு பாட, பேஸ் வாசிச்ச பில் பிளாக் சேர்ந்துக்க, ஸ்காட்டியும் சேர, சாம் எட்டிப் பார்த்து என்னடா பண்றீங்கன்னு கேட்டா அவங்களுக்கே தெரியல. திரும்ப முதல்ல இருந்து வாசிங்கன்னுட்டாரு. டிரம்ஸே கிடையாது அதுல. பாட்டை எழுதி 1946லயே பாடின ஆர்தர் க்ரூடப்புக்கு ராயல்டி ஒழுங்கா போய்ச் சேரவே இல்ல, அது மட்டும் எனக்கு இன்னிக்கும் ஜீரணமாகல.

இந்த ராத்திரியைப் பத்தி இசை எழுத்தாளர் பீட்டர் குரால்னிக் எழுதினதைப் படிச்சிட்டுத்தான் இங்க வரணும்னே ஆசை வந்துச்சு. எல்விஸ் ஒருத்தருக்கே ரெண்டு வால்யூம், 1994ல ஒண்ணு, 1999ல ஒண்ணு. ராஜா, மன்னன்னு கூவாம, பயந்த சுபாவமுள்ள ஒரு பையனைப் பொறுமையா பக்கத்துல நின்னு பார்ப்பாரு. ராக் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் நேர் எதிர், ஆம்ப் உடைஞ்ச மாதிரியே எழுதுவாரு, வாக்கியம் எங்க முடியும்னு அவருக்கே தெரியாது. 33 வயசுல போயிட்டாரு. எனக்கு ரெண்டு பேருமே வேணும், மூடைப் பொறுத்து.

கடைசியா கைடு கிடார் கம்பிக்குள்ள ஒரு டாலர் நோட்டைச் செருகி ரிதம் தட்டினாங்க, டிரம்மர் இல்லாததால பாடகர் ஜானி கேஷ் பேப்பர் வச்சு பண்ணின வேலை. சரக் சரக்னு அச்சு அசலா ஸ்னேர் டிரம் சத்தம். வீட்டுக்கு வந்ததும் நானும் ட்ரை பண்ணேன். என் டாலர் நோட்டு தொளதொளன்னு பழசு, ஒண்ணும் வரல. மெம்ஃபிஸ் பார்க்கிங் சீட்டை மடிச்சு செருகினேன், வந்துடுச்சு.