ஏ6-க்குப் போன யானை

இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கியதும் செஸ் பலகையை எடுத்து ஒரு புதிரை அடுக்கி வைப்பது என் பழக்கம். பெரும்பாலும் 'இரண்டு நகர்வில் மேட்' வகைதான், அதாவது எதிராளியின் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் இரண்டே நகர்வில் மடக்க வேண்டும். செல்போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, ஆனால் அதில் யோசிப்பதற்கு முன்னால் விரல் முந்திக்கொள்கிறது. காய்களைக் கையால் ஒவ்வொன்றாக வைக்கும்போது கறுப்பு ராஜாவைச் சுற்றி என்ன இருக்கிறது, எது காலி என்பதெல்லாம் மனதில் தானாகப் பதிந்துவிடும்.

ரொம்ப காலம் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எங்கே செக் வைக்கலாம், அதாவது ராஜாவை நேரடியாகத் தாக்கலாம் என்று தேடுவது. நிஜ ஆட்டங்களிலிருந்து எடுத்த புதிர்களுக்கு அது நல்ல வழியும்கூட, ஏனென்றால் செக் வைத்தால் எதிராளியின் பதில்கள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். கறுப்பு ராஜா எச்8-இல் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை), அதன் முன்னால் ஜி7, எச்7 சிப்பாய்கள், எஃப்8-இல் கறுப்பு யானை (ரூக்), வெள்ளைக் குதிரை எச்6-இல். ராணியை ஜி8-இல் கொண்டுபோய்ச் செக் வைத்துப் பலி கொடுத்தால், குதிரை காவல் இருப்பதால் ராஜா அதை வெட்ட முடியாது. எஃப்8 யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்7-க்குத் தாவும். சொந்தக் காய்களுக்கு நடுவிலேயே மூச்சுமுட்டி மேட். 1497-இல் அச்சான ஒரு ஸ்பானிய நூலிலேயே இந்த வகை மேட் இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் ஒருவர் உட்கார்ந்து யோசித்து அமைத்த புதிர்கள் வேறு இனம். அவற்றில் முதல் நகர்வே செக்காக இருந்தால் அதைக் குறையாகத்தான் கருதுவார்கள். இதை எனக்குப் புரியவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி சிறுவயதில் அமைத்ததாகச் சொல்லப்படும் ஒரு புதிர். மொத்தமே ஏழு காய்கள். வெள்ளைக்கு சி8-இல் ராஜா, ஏ1-இல் யானை, பி6-இல் சிப்பாய். கறுப்புக்கு ஏ8-இல் ராஜா, பி8-இல் மந்திரி (பிஷப்), ஏ7, பி7 சிப்பாய்கள். வெள்ளை ஆடி இரண்டில் மேட் செய்ய வேண்டும்.

கறுப்பு ராஜாவுக்கு நகர ஒரு கட்டம்கூட இல்லை. அப்புறம் என்ன, யானையால் ஏ7-ஐ வெட்டிச் செக் வைத்தேன். மந்திரி யானையை வெட்டிவிட்டது. அதையே சுற்றிச் சுற்றி அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கேள்வியை மாற்றினேன். நான் என்ன செய்யலாம் என்பதை விட்டுவிட்டு, இப்போது கறுப்பின் முறையாக இருந்தால் அவர் எதை நகர்த்துவார் என்று பார்த்தேன். மந்திரி நகர்ந்தால் ஏ7-ஐ யானை வெட்டும், பி6 சிப்பாய் அதற்குக் காவல், உடனே மேட். பி7 சிப்பாய்க்கு வழி அடைபட்டிருக்கிறது. ஏ7 சிப்பாய் பி6-ஐ வெட்ட முடியாது, விலகினால் ராஜாவுக்குச் செக். மிச்சம் இருப்பது அந்த ஏ7 சிப்பாயின் நேர் நடை மட்டும்தான். யானையை ஏ2-க்கோ ஏ3-க்கோ சும்மா நகர்த்தினால் அது ஒரு கட்டம் முன்னேறி எனக்கு ஒரு நகர்வைச் செலவாக்கிவிடும். அப்புறம் இரண்டு நகர்வில் மேட் வராது.

அப்படியானால் அந்தச் சிப்பாயை நிறுத்த வேண்டும். யானை ஏ6-க்கு! பி7 சிப்பாய் வெட்டுகிற கட்டம்தான் அது. வெட்டட்டும். வெட்டினால் பி7 காலியாகிறது, என் சிப்பாய் பி7-க்கு ஏறிச் செக் வைக்கிறது. அதற்கு சி8 ராஜா காவல். மேட்.

கறுப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை, ஒன்றும் செய்யாமல் நின்றால் பிழைத்துவிடும். ஆனால் செஸ்ஸில் 'நான் ஆடவில்லை' என்று சொல்ல முடியாதே. ஆடியே தீர வேண்டிய இந்த நெருக்கடியை 'சுக்ஸ்வாங்' என்ற ஜெர்மன் சொல்லால் குறிப்பிடுவார்கள். சொல்லை எப்போதோ படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அது பலகையில் நடப்பதைப் பார்த்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு கட்டுப்பாடு. கறுப்பின் எல்லா நகர்வுகளுக்கும் பதில் சொல்லும்வரை காயைத் தொடமாட்டேன். ஒரு பதில் விட்டுப்போனாலும் அது விடை இல்லை.

போன வாரம் என் மகளுக்கு இதை அடுக்கிக் கொடுத்தேன். அவளும் ஏ7-ஐத்தான் வெட்டப் போனாள். "கறுப்பு எதையெல்லாம் நகர்த்த முடியும்னு மட்டும் எண்ணுடா" என்றேன். விரல் விட்டு எண்ணினாள். மந்திரிக்கு ஆறு கட்டம். சிப்பாய்க்கு இரண்டு. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அப்பா, இந்தச் சிப்பாய் மட்டும் நகராம இருந்தா போதும்ல?" என்று கேட்டபடியே அவள் கை யானையை நோக்கிப் போனது.