தறியைப் பார்க்காமலே தறி செய்தவர்

ஜூன் 3

குமாரபாளையத்தில் வளர்ந்தவள் நான். விசைத்தறிச் சத்தம் ஓய்ந்தால்தான் எனக்குத் தூக்கம் கலையும். அந்தத் தறிக்கு வித்திட்ட எட்மண்ட் கார்ட்ரைட் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர் என்பதை இன்றுதான் படித்தேன். 1743இல் நாட்டிங்காம்ஷயரில், தலைமுறைகளாக நிலபுலன்களோடு வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு, கவிதை, லெஸ்டர்ஷயரில் ஒரு சிற்றூர்ச் சபை. நாற்பது வயதுவரை இயந்திரங்களின் பக்கமே திரும்பவில்லை.

ஜூன் 5

1784இல் மேட்லாக்கில் மான்செஸ்டர்காரர்கள் சிலர் இவரிடம் கவலைப்பட்டார்கள்: ஆலைகள் பெருகி நூல் குவியப்போகிறது, நெய்ய ஆளுக்கு எங்கே போவது? நெசவையும் இயந்திரத்திடம் விடலாமே என்றார். நடக்காத காரியம் என்றார்கள். சதுரங்கம் ஆடும் பொம்மையை லண்டனில் காட்டுகிறார்களே, அதைவிடவா இது கடினம் என்று கேட்டார். அந்தப் பொம்மைக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்தது அவருக்குத் தெரியாது.

ஜூன் 8

முதல் தறியைப் பற்றி அவரே எழுதியதை அப்பாவுக்குச் சொன்னேன். தறி ஓடி அவர் பார்த்ததே இல்லை. தச்சரையும் கொல்லரையும் வைத்துச் செய்தார். பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டும் இழைகள், செங்குத்தாக நின்றது. ஊடு இழையை நெருக்கி அடிக்கும் அச்சு இருபத்தைந்து கிலோ எடையோடு விழுந்தது. குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை எறியும் வில், ராக்கெட்டையே ஏவும் வலுவோடு இருந்தது. பலசாலிகள் இருவர் சேர்ந்தும் சிறிது நேரம்தான் ஓட்ட முடிந்தது.

தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு நெய்யும் குழித்தறியில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவர் அப்பா. இல்லாத கயிற்றைச் சுண்டுவதுபோல் மணிக்கட்டை மெல்ல அசைத்துக் காட்டினார். “இவ்வளவுதானம்மா வேண்டும். அவ்வளவு வேகத்துக்கு இழை அறுந்துபோகுமே!”

1785இல் அந்தக் கருவிக்கே காப்புரிமை வாங்கிவிட்டு, அதன் பிறகுதான் கார்ட்ரைட் பிறர் நெய்வதைப் போய்ப் பார்த்தார்.

ஜூன் 11

டான்காஸ்டரில் சொந்த ஆலை. 1793இல் அது கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. அவருடைய தறிகளுக்காக மான்செஸ்டரில் எழுந்த ஆலை தீக்கிரையானது. அதற்கு முன்பே மிரட்டல் கடிதம் வந்திருந்தது. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய கைத்தறிக்காரர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் ஒரு தறிக்குழி மண்ணால் மூடப்பட்டது. ஆனாலும் அந்த மனிதருக்காக மனம் கனக்கிறது. 1809இல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டு கொடுத்தது. அதைக்கொண்டு கென்ட்டில் நிலம் வாங்கினார்.

ஜூன் 12

பிந்தைய காப்புரிமைகளைப் பற்றிப் படித்தேன். பாவு ஓடும்போதே அதற்குக் கஞ்சி போடும் ஏற்பாடு ஒன்று. எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவை நீட்டி அம்மா கஞ்சி தேய்த்தது கண்முன் வந்தது. இன்னொன்று, இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும் பொறி.

அதை மட்டும் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“அப்படியானால் யாரோ நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.”