வேட்டியில் ஒட்டிய பிசுபிசுப்பு

எங்கள் பொடக்காலியில் மூன்று தென்னை. இரண்டு நெட்டை, ஒன்று செவ்விளநீர்க் குட்டை. குட்டைக்கு நேர் கீழேதான் துணிக் கம்பி. மாசியில் ஒருநாள், காய்ந்த வேட்டியை எடுத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. சோப்பை ஒழுங்காக அலசவில்லை என்று எனக்குத்தான் திட்டு. பத்து நாளில் பக்கத்துக் கறிவேப்பிலைச் செடி கரி பூசியதுபோல் ஆன பிறகே அண்ணாந்து பார்த்தேன்.

தேங்காய் போட வருகிற தம்பி அடிமட்டை ஒன்றை வெட்டிப் போட்டுவிட்டு, "வெள்ளை ஈங்க. வேருல மருந்து கட்டிரலாமுங்களா?" என்றார். கீற்றின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம், அதற்குள் முட்டை. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட அதே சுருள் வெள்ளை ஈ. குட்டை ரகம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாகக் கழியும். அது சொட்டிய இடத்தில் எல்லாம் கரும்பூசணம் படரும். வேட்டியில் ஒட்டியதும் அந்த இனிப்புக் கழிவுதான்.

பேத்தி குடிப்பது அந்த மரத்து இளநீர். மருந்து வேண்டாம் என்றேன். அவளுடைய லென்ஸை வாங்கிக் கீற்றைப் பார்த்தபோது இன்னொரு காரணமும் கிடைத்தது. சில ஈக்குஞ்சுகளின் கூட்டில் குண்டூசியால் குத்தியதுபோல் வட்டமாக ஓட்டை. என்கார்சியா என்கிற பொடிக் குளவி, குஞ்சை உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியே வந்த வழி. ஒரு கீற்றில் எண்ணினேன்: நாற்பதுக்குப் பதினொன்று. மருந்து அடித்தால் இதுவும் சேர்ந்து சாகும்.

கார் கழுவும் பம்பை மாடியில் வைத்து, ஓலையின் அடியில் படும்படி தண்ணீர் பீய்ச்சினேன், வாரம் இரண்டு முறை. நெட்டைகளுக்குப் பாதிகூட எட்டவில்லை. மஞ்சள் பாலித்தீனில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டியதில் ஈ நிறையவே ஒட்டியது. ஒரு பல்லியும் ஒட்டிக்கொள்ள, அதைப் பிரித்து விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மைதாக் கஞ்சிதான் வேடிக்கை. லிட்டருக்கு 25 கிராம், நீர்க்கக் காய்ச்சித் தெளித்தேன். வெயிலில் காய்ந்து, அப்பளப் பொருக்குபோல் கரியோடு உரிந்து விழுந்தது.

வெட்டிய மட்டையை எரிக்கவில்லை. ஓட்டை விழாமல் கறுத்திருந்த கூடுகளுக்குள் குளவி இருக்கும். அந்தக் கீற்றுகளைக் கத்தரித்து, தேங்காய் போட வந்த தம்பியிடமே கொடுத்து நெட்டைகளின் ஓலையில் செருகச் சொன்னேன். "கெட்ட ஓலையப் போயி நல்ல மரத்துல வெக்கறீங்களே" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு குட்டையில் வந்த புது ஓலை பச்சையாகவே நிற்கிறது. ஈ இன்னும் இருக்கிறது. துணிக் கம்பியை மாடிக்கு மாற்றிவிட்டோம்.